18,355 என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்: பிடித்த ஆட்டக்காரருக்காக நீங்கள் போட்ட சண்டை எது?

நீலநட்சத்திரம்:
மூன்று வருடமாகிறது, இன்னும் மண்டைக்குள் ஓடுவதால் எழுதுகிறேன். டெக்சாஸில் பத்து வருடம் இருந்துவிட்டு, வேலை மாறி டெட்ராய்ட் பக்கம் வந்த புதிது. முடிவெட்டப் போன இடத்தில் அமெரிக்கக் கால்பந்தின் வழக்கமான பேச்சு: பந்தைச் சுமந்து ஓடியவர்களில் டெட்ராய்ட் லயன்ஸின் பாரியா, டல்லாஸ் கௌபாய்ஸின் எமிட்டா? கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, கத்தி இன்னொருவர் கையில் இருக்கும்போது, அதுவும் டெட்ராய்ட்டில், எமிட் ஸ்மித் பெயரை எடுக்கக் கூடாது என்கிற அறிவு எனக்கு இல்லை. எடுத்துவிட்டேன். "எமிட் 18,355 யார்டு, பாரி சாண்டர்ஸ் 15,269. கணக்கு கணக்குதானே?" என்றேன்.

கடைக்காரருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். பதில் பேசவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். சீப்பைப் பந்து மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார். "எந்தப் பக்கம் போகப் போகிறேன், சொல்" என்றார். நான் சிரித்தேன். ஒரு தோளை விரற்கடை அளவு இறக்கினார், அவ்வளவுதான். என் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. திரும்பி முடிவதற்குள் அவர் மறுபக்கம், கண்ணாடி ஓரத்தில் நின்று, அடுத்த நாற்காலிக்காரரிடம் சீப்பை அமைதியாக நீட்டிக்கொண்டிருந்தார், பாரி நடுவரிடம் பந்தைக் கொடுப்பாரே அப்படி. கடையே சிரித்தது. "வெட்கப்படாதே, 1994-இல் பாரியைத் தடுக்க வந்த பேட்ரியட்ஸின் ஹார்லன் பார்னெட்டுக்கும் இதேதான் நடந்தது" என்று ஓரத்திலிருந்து ஒரு குரல்.

சரி, நான் தோற்றேன். ஆனால் கணக்கில் என்ன தப்பு? எமிட் 15 சீசன் ஆடினார். 1993 சீசனின் கடைசி ஆட்டத்தில், ஜயன்ட்ஸுக்கு எதிராக, தோள் மூட்டு விலகிய நிலையில் 168 யார்டு ஓடினார். பாரி என்ன செய்தார்? 1999-இல் சொந்த ஊர்ப் பத்திரிகைக்கு, ஓய்வு பெறுகிறேன் என்று ஒரு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு மொத்த ஓட்ட யார்டில் முதலிடத்தில் இருந்த வால்டர் பேட்டனின் சாதனைக்கு 1,457 யார்டுதான் பாக்கி. அவருக்கு அது ஒரு சீசன் வேலை. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள், எனக்குத் துணையாக இருக்கும்.

ஏரிக்கரை:
பந்தைச் சுமந்தவர்களைத் தவிர வேறு யாரும் உங்கள் கண்ணில் படவே மாட்டார்களா, அண்ணா? எமிட்டுக்கு முன்னால் லைன்மேன்கள் லாரி ஆலனும் நேட் நியூட்டனும் நின்று எதிரணியைத் தள்ளி வழி திறந்தார்கள். அந்த வழியில் நானே நாலு யார்டு ஓடியிருப்பேன்.

கிளீவ்லாந்தில் வாடகைக்கு இருந்தபோது நடந்தது. எதிர்வீட்டு அம்மாள் எழுபதைத் தாண்டியவர். ஒரு ஜனவரிக் காலையில் இருவரும் அவரவர் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தோம். "பிரவுன்ஸில் உன் ஆள் யார்?" என்று சத்தமாகக் கேட்டார். அவர் வயதுக்குப் பிடிக்கும் என்று நினைத்து ஜிம் பிரவுன் என்றேன். ஒன்பதே சீசன், 12,312 யார்டு, யார் மறுப்பார்கள்? "நீ அவரைப் பார்த்திருக்கிறாயா?" என்றார். இல்லை என்றேன். "நான் என் அப்பாவோடு போய்ப் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் என் ஆள் ஜோ தாமஸ்."

2007-இல் களத்துக்கு வந்ததிலிருந்து ஒரு ஸ்நாப்கூட (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்நாப்) விடாமல் தொடர்ந்து 10,363. அந்தப் பத்து வருடத்தில் பந்தை வீசும் குவார்ட்டர்பேக் எத்தனை பேர் வந்து போனார்கள் என்று விரல் விட்டு எண்ண முடியாது. அவர்களைக் காத்து நின்ற இடப்பக்க டேக்கிள், அதாவது தாமஸ், மட்டும் மாறவில்லை. அந்த அம்மாள் மண்வாரியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "2017 அக்டோபரில் அவர் தரையில் கிடந்தபோது, புல்லில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்றுதான் நினைத்தேன். அடிபட்டிருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை."

அந்த சீசன் பிரவுன்ஸுக்கு 0–16, எல்லாமே தோல்வி. மனிதர் வாழ்நாளில் ஒரு பிளே ஆஃப் ஆட்டம்கூட ஆடவில்லை. அந்த அம்மாளை மகிழ்விக்கப் பெயர் சொன்னோமே என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. அன்று அவர் வாசல் பனியையும் நானே அள்ளினேன்.

இன்னொன்று. ஃபேக்ஸைக் கேலி செய்கிறீர்கள். ஜிம் பிரவுன் 1966-இல், முப்பது வயதில், சினிமாப் படப்பிடிப்புக்குப் போன இங்கிலாந்திலிருந்தே ஓய்வை அறிவித்தார். அவரை ஓடிப்போனவர் என்று யாராவது சொல்கிறோமா?

பதின்மூன்றுநொடி:
ராச்செஸ்டரில் வேலை, சுற்றிலும் பஃபலோ பில்ஸ் ரசிகர்கள். நான் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் கட்சி. 2022 ஜனவரியில் நடந்த அந்த பில்ஸ்–சீஃப்ஸ் பிளே ஆஃப் ஆட்டத்துக்கு அடுத்த நாள் காலை, பக்கத்து மேசைக்காரரிடம் பில்ஸ் குவார்ட்டர்பேக்கைப் பற்றி "என்ன இருந்தாலும் ஜாஷ் ஆலன்..." என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். செல்போனில் கடிகாரத்தை ஓடவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு, சரியாக 13 நொடி ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்: "இதற்குள் 44 யார்டு. இதில் ஆலன் எங்கே தப்பு செய்தார்?"

13 நொடி எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. மஹோம்ஸ் வீசியது டைரீக் ஹில்லுக்கு 19, கெல்ஸிக்கு 25, பிறகு பட்கரின் உதையில் ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் ஆலன் பந்தைத் தொடவே இல்லை. அந்த வருடமே பிளே ஆஃபுக்கு விதியை மாற்றினார்கள், இப்போது இரண்டு அணிக்கும் பந்து கிடைக்கும். மேசைக்காரரிடம் இதைச் சொல்லி ஆறுதல் சொல்லப் பார்த்தேன். மறுபடியும் கடிகாரத்தை எடுத்தார்.

கணக்கப்பிள்ளை:
என் கதை இரண்டு வரி. சிகாகோவில் ஒரு விருந்தில் அந்த ஊர் வால்டர் பேட்டனை எமிட்டுக்குக் கீழே வைத்துப் பேசினேன். விருந்து கொடுத்தவரின் மாமனார் எழுந்து வந்து என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார், பாதிக் கோழி அதில் இருந்தது.

இனி உங்களுக்கெல்லாம் பயன்படுவதாகச் சிலவற்றைச் சொல்கிறேன். மொத்த யார்டைத் தூக்கிக்கொண்டு வாதத்துக்குப் போகவே போகாதீர்கள். சீசனுக்கு எத்தனை ஆட்டம் என்பதே மாறிக்கொண்டு வந்திருக்கிறது: 1977 வரை 14, 1978-இலிருந்து 16, 2021-இலிருந்து 17. ஓ.ஜே. சிம்சன் 1973-இல் 2,003 ஓடியது 14 ஆட்டத்தில். டிக்கர்சன் 1984-இல் 2,105 ஓடியது 16-இல். 2024-இல் சாகான் பார்க்லி 2,005-இல் நின்றார். பதினேழாவது ஆட்டம் இருந்தும் பிளே ஆஃபுக்காக அவரை உட்காரவைத்தார்கள். இதில் யார் பெரியவர் என்று மொத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவீர்களா? நீலநட்சத்திரம் சொன்னது அரைக்கணக்கு. ஒரு ஓட்டத்துக்குச் சராசரியாகப் பாரி 5.0, எமிட் 4.2. இதைத் தெரிந்துவைத்திருந்தால் கடைக்காரர் சீப்பை எடுக்கும் அவசியமே வந்திருக்காது.

சாம்பியன் பட்டத்துக்குக் கொடுக்கும் மோதிரத்தை எண்ணுகிறவரோடும் பேச வேண்டாம். மோதிரம் 53 பேர் சேர்ந்து வாங்குவது. டான் மரினோ 1984-இல் 5,084 யார்டு, 48 டச் டவுன் வீசினார், அந்தக் காலத்தில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. மோதிரம் இல்லை. அதற்காக அவரைக் கழித்துவிடுவீர்களா? அப்புறம் 1978 விதி. ஐந்து யார்டுக்கு அப்பால், பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரைத் தொடக் கூடாது என்று வந்த பிறகு வீசியவர்களையும் அதற்கு முன் வீசியவர்களையும் ஒரே தராசில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஜானி யூனிடாஸையும் மஹோம்ஸையும் ஒப்பிடும் பேச்சு எழுந்தால் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு நகருங்கள். டிஃபென்ஸ் ஆட்டக்காரரைச் சொன்னால் சண்டை குறையும் என்று நினைப்பதும் தவறு. லாரன்ஸ் டெய்லரா, ரெஜி வைட்டா, ஆரன் டொனால்டா என்று ஆரம்பித்தால் இரவு இரண்டு மணி. கடைசியாக ஒன்று: அடுத்தவர் வீட்டில் சாப்பாடு முடியும்வரை அந்த ஊர் ஆட்டக்காரரே உங்களுக்கும் பிடித்தவர்.

பீச்மரம்:
கணக்கப்பிள்ளை ஐயா, யாரும் கேட்கவில்லையே! கதை இரண்டு வரி, உபதேசம் இருபது வரி. சாப்பாடு முடியும்வரை வாயை மூடியிருந்தால் இங்கே எழுத யாருக்கு என்ன இருக்கும்?

அட்லாண்டா, 2017 பிப்ரவரி. எந்த ஆட்டம் என்று சொல்லத் தேவையில்லை, எங்கள் ஃபால்கன்ஸும் பேட்ரியட்ஸும் மோதிய சூப்பர் பௌல் இறுதி ஆட்டம்தான். பக்கத்து வீட்டுக்காரர் அழைத்திருந்தார். ஆறு மாதத்துக்கு ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பாவையும் கூட்டிப்போனேன். வீட்டுக்காரருக்கு ஃபால்கன்ஸ் குவார்ட்டர்பேக் மேட் ரயன்தான் எல்லாம். முந்தின நாள்தான் ரயனுக்கு அந்த சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அறிவித்திருந்தார்கள். நான் சும்மா இருக்காமல் பேட்ரியட்ஸின் குவார்ட்டர்பேக் பெயரைச் சொல்லி, பிரேடி, பிரேடி என்று சீண்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது குவார்ட்டரில் ஃபால்கன்ஸ் 28–3 என்று முந்தியதும், சிவப்புக் கறுப்பில் பருந்து வரைந்த பெரிய கேக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கத்தியை இறக்கினார்.

அப்பாவுக்கு ஆட்டத்தின் அரிச்சுவடிகூடத் தெரியாது. சோபாவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் என்னிடம் தமிழில் கேட்டார்: "அந்தப் பன்னிரண்டாம் நம்பர் தம்பி முகத்தில் ஒரு பதற்றமும் தெரியவில்லையே, அதற்குள் ஏன் கேக் வெட்டுகிறார்கள்?"

வீட்டுக்காரர், என்ன சொல்கிறார் என்று ஆசையாகக் கேட்டார். நான் மொழிபெயர்த்துவிட்டேன்.

34–28, பேட்ரியட்ஸ் ஜெயித்தது. அந்தக் கத்தி கடைசிவரை கேக்கில் நட்டபடியே நின்றது. பேட்ரியட்ஸின் எடெல்மன் தரையிலிருந்து விரற்கடை உயரத்தில் பந்தைப் பிடித்தபோதுகூட நான் வீட்டுக்காரர் பக்கம் திரும்பவில்லை, அப்பாவைப் பார்த்தேன். அவர் தூங்கிவிட்டிருந்தார். ரயனா பிரேடியா என்பதெல்லாம் எனக்கு எப்போதோ முடிந்துவிட்டது. "நல்ல கேக் என்கிறார்" என்று சொல்லியிருக்கலாமே என்பதுதான் இன்றுவரை அரிக்கிறது. அப்பா இப்போதும் தொலைபேசியில், அந்தக் கேக்கை அப்புறம் யார் சாப்பிட்டார்கள் என்று கேட்கிறார்.

கணக்கப்பிள்ளை:
மூன்றாவது குவார்ட்டரில் கேக் வெட்டக் கூடாது என்பதையும் என் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன்.

மூன்றுநதி:
எழுதலாமா என்று நாலு நாளாக யோசித்தேன். பிட்ஸ்பர்க்கில் முதியோர் பராமரிப்பில் சில வருடம் வேலை பார்த்தேன். அங்கிருந்தவர்களில் ஒருவர் கல்லூரிக் காலத்தில் லைன்மேனாக ஆடியவர். கதவளவு தோள், ஆனால் கைகளைத் தூக்க முடியாது. ஒரு மாலை நானும் உடன் வேலை செய்த தம்பியும் அவருக்குப் படுக்கை விரித்துக்கொண்டே, அந்த ஊர் ஸ்டீலர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக்குகளில் பிரட்ஷாவா ராத்லிஸ்பர்கரா என்று அடித்துக்கொண்டிருந்தோம். அவர் கேட்டார்: "உனக்குப் பிடித்தவர் யார்?" பொலமாலு என்றேன். "வெப்ஸ்டர்தான்" என்றார். மைக் வெப்ஸ்டர், எண் 52, நாலு சூப்பர் பௌல். உறைபனியிலும் கையை மூடாமல், லைனின் நடுவில் நின்ற சென்டர்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "உனக்குப் பிடித்தவர் யார்?" பிராங்கோ ஹாரிஸ் என்றேன். "வெப்ஸ்டர்தான்." மூன்றாம் முறை ஜோ கிரீன். "வெப்ஸ்டர்தான்." தம்பி சிரித்துவிட்டான், நானும்தான். விளையாட்டாக ஒவ்வொரு முறையும் வேறு பெயர் சொன்னேன், ஜாக் லாம்பர்ட், லின் ஸ்வான். ஒவ்வொரு முறையும் அவர் அதே உற்சாகத்தோடு, முதல் தடவை சொல்வதுபோலவே பதில் சொன்னார்.

வெப்ஸ்டர் 2002-இல் ஐம்பது வயதில் இறந்ததும், அதே ஊரில் டாக்டர் பென்னட் ஒமாலு அவருடைய மூளையில், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புள்ள சிதைவு நோயைக் கண்டதும் உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஐந்து பெயர் சொல்லி விளையாடினேன். நான் பார்த்துக்கொண்ட அந்தப் பெரியவருக்கு என்ன நோய் என்று இங்கே எழுதப் போவதில்லை, தலையில் வாங்கிய அடியால்தான் வந்தது என்று சொல்லவும் நான் டாக்டர் இல்லை. ஆறாவது முறை அவர் கேட்டிருந்தால் வெப்ஸ்டர் என்றே சொல்லியிருப்பேன். கேட்கவில்லை, தூங்கிவிட்டார்.

ஏரிக்கரை:
மூன்றுநதி, நீங்கள் சிரித்ததை அவரும் ரசித்திருப்பார் என்றே நினைக்கிறேன். மற்றவர்களுக்கு: சென்டர், டேக்கிள் என்று இரண்டு லைன்மேன் பெயர் வந்துவிட்டது, நான் ஆரம்பித்த வழக்கில் பாதி ஜெயித்துவிட்டேன்.

நீலநட்சத்திரம்:
இதையெல்லாம் படித்துவிட்டுப் போன சனிக்கிழமை மறுபடியும் அந்தக் கடைக்கே போனேன். 5.0, 4.2 கணக்கைக் கடைக்காரரிடம் ஒப்புக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். எனக்கு முன்னால் நாற்காலியில் ஒரு பள்ளிக்கூடப் பையன். லயன்ஸில் இதுவரை வந்தவர்களிலேயே ஜஹ்மீர் கிப்ஸ்தான் பெரிய ஆள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். கடை அமைதியாகிவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது, சுவரோரமாகத் தள்ளி உட்கார்ந்தேன்.

கடைக்காரர் கத்தரிக்கோலை வைத்தார். சீப்பை இடுக்கினார். முன்னைவிட மெதுவாகத்தான் நடந்து நாற்காலிக்கு முன்னால் போய் நின்றார். தோளை இறக்கினார்.

பையன் அசையவில்லை. குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுவரோரம் இருந்த என் தலைதான் திரும்பியது, மறுபடியும் தவறான பக்கம்.