மணலில் ரெண்ட் (கூடாரம்) முளை நிக்குதில்லை, விடிய உள்ளுக்கும் ஈரம்: உதவி தேவை

சுன்னாகத்துப் பெடியன்:
நாலு பேர் படுக்கிற டோம் ரெண்ட். இரண்டு ஃபைபர் கிளாஸ் கம்பி, உள்ளுக்குத் துணி, மேலை மழைத்துணி. மாசியிலை மணற்காட்டிலை, சவுக்கங்காட்டுக்கும் கடலுக்கும் நடுவிலை உள்ள மணலிலை அடிச்சது. முளை, ரெண்டோடை வந்த 7 அங்குலக் கம்பிதான். கடல் பக்கத்து முளை இரண்டும் இரவு பத்து மணிக்குள்ளை கழண்டுது. திரும்பத் திரும்ப அடிச்சும் நிக்கேல்லை. விடியப் பாத்தா உள்துணி நனைஞ்சு, கால்மாட்டிலை பாயும் ஈரம். மழை ஒரு துளியும் இல்லை. தையலாலை ஒழுகுது எண்டு சிலிக்கோன் பூசலாமா? சித்திரை லீவுக்கு நெடுந்தீவு போற எண்ணம், அதுக்கு முதல் சரிப்படுத்த வேணும்.

கரைவலை:
தம்பி, சிலிக்கோனை இப்ப தொடாதையும். உம்மடை இரண்டு பிரச்சினையும் ஒண்டுதான், கடைசியிலை சொல்லுறன்.

முதல் முளை. அந்தக் கம்பி தோட்டத்து மண்ணுக்குச் செய்தது. இறுகின மண் கம்பியைச் சுத்திப் பிடிக்கும். காய்ஞ்ச மணல் அப்பிடிப் பிடிக்காது, கம்பி அசைய அசைய மணலும் விலகிக் குடுக்கும். நீளக் கம்பி வாங்கினாலும் கொஞ்சம்தான் வித்தியாசம். மணலிலை குத்துறதை விட்டுப்போட்டுத் தாழ்க்க வேணும்.

பனைமட்டை எடுத்து 2 அடித் துண்டா வெட்டும். இரண்டு ஓரத்துக் கருக்கையும் கத்தியாலை நல்லாச் சீவும். சீவாட்டில் ஒரே இரவிலை கயிற்றை அறுத்துப்போடும். நடுவிலை 4 மில்லிமீற்றர் கயிறு கட்டி, ஒண்டரை அடி ஆழக் கிடங்கிலை மட்டையைப் படுக்க வைக்க வேணும், கயிறு இழுக்கிற திசைக்குக் குறுக்காக. கயிறு வெளியிலை வாறதுக்குக் கிடங்கிலை இருந்து ரெண்ட் பக்கமாச் சரிவா ஒரு வாய்க்கால் கீறும். இதைக் கன பேர் செய்யிறேல்லை. கயிறு நேர மேலை வந்தா மட்டையும் மேலை கிளம்பும், சரிஞ்சு வந்தால்தான் மட்டைக்கு முன்னாலை இருக்கிற மணல் முழுக்க அதைத் தடுக்கும். மணலை மூடி மிதிச்சு ஒரு வாளி கடல்தண்ணி ஊத்தும். ஈர மணல் பிடிக்கிற பிடி வேறை.

மட்டை கிடைக்காட்டில் உரப்பை. மூண்டிலை ஒரு பங்கு மணல் நிரப்பி வாயைக் கட்டி அதே மாதிரித் தாழ்க்கலாம்.

நாலு மூலைக்கு நாலு, மழைத்துணிக் கயிறுக்கு நாலு, மொத்தம் எட்டு. தாழ்க்கிற வால் எட்டும் ஒண்டேகால் மீற்றர், மழைத்துணியிலை கட்டுற நாலும் இரண்டரை மீற்றர் எண்டு பாத்தா 20 மீற்றர் கயிறு போதும். நைலோன் வாங்காதையும், பொலியெஸ்டர் கேட்டு வாங்கும். நைலோன் ஈரத்திலை நீளும். பின்னேரம் விறைப்பாக் கட்டினது நடுச்சாமத்திலை தொங்கும்.

இனி ஈரம். முளை கழர, கயிறு தொய்ய, மழைத்துணி இறங்கி உள்துணியிலை முட்டியிருக்கும். மழைத்துணியின்ரை உள்பக்கம் பனியிலை எப்பவும் வேர்க்கும். முட்டின இடத்தாலை அந்தத் தண்ணி உள்ளுக்கு வரும். இரண்டு துணிக்கும் நடுவிலை நாலு விரல் போற இடைவெளி எப்பவும் இருக்க வேணும்.

தொண்டைமானாறு வாசி:
மேலே சொன்னது சரி. ஒழுக்கா வேர்வையா என்று சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. விடிய மழைத்துணியின் உள்பக்கத்தைக் கையால் தடவுங்கோ. எல்லா இடமும் ஒரே மாதிரி ஈரம் என்றால் வேர்வை. தையல் வழியே மட்டும் கோடாக இறங்கினால் ஒழுக்கு. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று சும்மா சொல்லவில்லை. நாலு பேர் ஒரு இரவில் மூச்சாலும் வேர்வையாலும் விடுகிற தண்ணி மட்டும் ஒரு லீற்றர் அளவில் வரும். மழைத்துணியின் காற்று ஓட்டைகளைக் குளிருக்குப் பயந்து மூடாதேங்கோ. கதவின் மேல் சிப்பை ஒரு சாண் திறந்து விடுங்கோ.

கால்மாட்டு ஈரத்துக்கு வேறு காரணம் இருக்கலாம். கீழே படங்கு விரித்தீர்களா? அது ரெண்டை விடப் பெரிதா?

சுன்னாகத்துப் பெடியன்:
ஓம், நீலப் படங்கு. சுத்திவர ஒரு அடி வெளியிலை நீட்டிக்கொண்டு இருந்தது.

தொண்டைமானாறு வாசி:
அதுதான். மழைத்துணியால் வழிகிற பனித்தண்ணி நீட்டின படங்கில் விழுந்து ரெண்டுக்கு அடியில் ஓடும். படங்கு ஒவ்வொரு பக்கமும் ரெண்டின் அடியை விட 2 அங்குலம் சின்னதாக இருக்க வேணும். வெட்ட மனம் இல்லாவிட்டால் ஓரத்தைக் கீழ்ப்பக்கமாக மடித்து விடுங்கோ, மேல்பக்கமாக மடித்தால் வாய்க்கால் கட்டின மாதிரி.

சிலிக்கோன் பற்றி: உங்கடை மழைத்துணி பொலியெஸ்டர், உள்பக்கம் பியூ (பொலியூரித்தேன்) பூச்சு என்றால் அதுக்குரிய பியூ பசைதான் பூச வேணும். சிலிக்கோன் அதில் உரிந்து வரும், பிறகு வேறு எதுவும் ஒட்டவும் ஒட்டாது.

வல்லைவெளி:
போத்தலுக்கை தண்ணி நிரப்பி மூலையிலை கட்டினா காணாதோ? ஈரத்துக்கு உள்ளுக்கு ஒரு சின்ன காஸ் அடுப்பு கொளுத்தினா காயும்.

கரைவலை:
ஒண்டரை லீற்றர் போத்தல் ஒண்டரைக் கிலோ, அவ்வளவுதான். காற்றின்ரை வேகம் இரண்டு மடங்கானா தள்ளுற விசை நாலு மடங்கு. போத்தல் உருண்டு போகும். தாழ்த்தா நிக்கும், ஆனா அதுக்கு மட்டையே திறம்.

அடுப்பு வேண்டவே வேண்டாம். காஸ் எரிய நீராவிதான் வரும், ஈரம் கூடும். மூடின ரெண்டுக்கை காபன் மொனொக்சைட் சேர்ந்தா மணமும் இல்லை, நிறமும் இல்லை, ஆக்கள் நித்திரையிலையே போயிடுவினம்.

தீவுப்பகுதி:
நெடுந்தீவுக்கு மணற்காட்டு வித்தை சரிவராது. அங்கை கன இடத்திலை மேல்மண் கொஞ்சம்தான், கீழை முருகைக்கல். கம்பி முளை வளையும், கிடங்கும் வெட்டேலாது. வெறும் உரப்பை எட்டுக் கொண்டுபோனாக் காணும், பாரம் இல்லை. கிடக்கிற கல்லை அள்ளி 15 கிலோ வரை நிரப்பும். பை இழுபட்டால், கயிற்று நுனியைச் சின்னக் கல்லிலை கட்டி, அதுக்கு முன்னாலை, ரெண்ட் பக்கமா, பெரிய கல்லைக் கயிற்றுக்கு மேலை வையும். கயிறு இழுக்கச் சின்னக் கல் பெரிய கல்லிலை போய் இறுகும். கயிறு கல்லிலை உரசுற இடத்திலை பழைய சாக்குத் துண்டு சுத்தும். ஒண்டு, வேலிக் கல்லிலை கை வைக்காதையும். அந்த முருகைக்கல் மதில்கள் சாந்தில்லாமல் அடுக்கினது, ஒண்டை உருவினா மிச்சமும் சரியும்.

குதிரையள் நிக்கிற வெளியெண்டால் கயிற்றிலை வெள்ளைத் துணி கட்டிவிடும், இருட்டிலை கால் தடுக்கும். சித்திரையிலை பெரிய காற்று இராது, ஆனா பின்னேரத்து இடிமழையோடை திடீரெண்டு அடிக்கும், அதாலை பகலிலை வெளிக்கிடேக்கையும் கயிற்றைத் தளர்த்தி வைக்காதையும். குடிதண்ணி ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லீற்றர் கணக்குப் பண்ணிக் கொண்டு போம். கன கிணறு உவர்.

சுன்னாகத்துப் பெடியன்:
நன்றி அண்ணைமார். சிப்பும் மணல் புகுந்து இறுகிப்போச்சு. எண்ணெய் விடலாமா?

கரைவலை:
எண்ணெய் மணலை இன்னும் பிடிச்சு வைக்கும். பழைய பல் பிரஷாலை தட்டி, நல்ல தண்ணியாலை கழுவிக் காய விட்டு, மெழுகுதிரியைப் பல்லிலை தேய்ச்சு நாலு தரம் இழும். கூடாரத்தையும் அதே நாள் உப்புப் போகக் கழுவி, நிழலிலை முழுக்கக் காய்ஞ்ச பிறகு மடியும். ஈரத்தோடை மடிச்சா பூஞ்சணம் பிடிக்கும்.