நெருப்பு சுடும் என்ற நம்பிக்கையை எந்தப் புலன் தருகிறது?

கேள்வி:
நம் எளிய எண்ணங்கள் யாவும் முன்பு பெற்ற பதிவுகளின், அதாவது நேரடியாக உணர்ந்தவற்றின், மங்கிய படிகளே என்று ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 1739இல் எழுதினார். அன்னாசிப்பழத்தைச் சுவைத்திராத ஒருவரால் அதன் சுவையை மனத்தில் கொண்டுவர முடியாது என்பது அவர் காட்டும் சான்று. சுவையைப் பொறுத்தவரை இதை ஏற்கிறேன். ஆனால் நெருப்பின் ஒளியைக் கண் காண்கிறது, சூட்டைத் தோல் உணர்கிறது. இவ்விரண்டையும் இணைத்து 'நெருப்பு சுடும்' என்று நம்பவைப்பது எது?

மறுமொழி 1:
எந்தப் புலனும் அன்று என்பதே ஹியூமின் விடை. ஒளியும் சூடும் சேர்ந்து வருவதைப் பலமுறை உணர்ந்த மனம், ஒன்றைக் கண்டவுடன் மற்றொன்றை எதிர்பார்க்கப் பழகிவிடுகிறது. எதிரே இருக்கும் பதிவின் உயிர்ப்பு, அதனோடு பழகிய எண்ணத்துக்கும் பரவும்போது அந்த எண்ணம் நம்பிக்கையாகிறது. கற்பனையில் எரியும் தீ நம் கையைப் பின்வாங்கச் செய்யாததும், அடுப்புத் தீ பின்வாங்கச் செய்வதும் இதனால்தான்.

மறுமொழி 2:
ஒரு புலன் தருவதை மற்றொன்று தருவதோடு இணைப்பது பழக்கமே என்ற முந்தைய விளக்கத்தோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பிறவியிலேயே பார்வையற்று, கனசதுரத்தையும் கோளத்தையும் தொட்டே அறிந்த ஒருவர், பார்வை பெற்றவுடன் தொடாமலே எது எது என்று சொல்வாரா என்று டப்ளின் நகரத்து அறிஞர் வில்லியம் மோலினூ 1688இல் ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக்கிடம் கேட்டார். மோலினூவின் மனைவியும் பார்வை இழந்தவர். சொல்ல இயலாது என்றே மோலினூ, லாக் இருவரும் கருதினர். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், மூளை அறிவியலாளர் பவன் சின்காவின் குழுவினர் இந்தியாவில் அறுவை சிகிச்சையால் பார்வை பெற்ற, 8 முதல் 17 வயதுக்குட்பட்ட ஐவரிடம் இதைச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டனர். கண்ணால் கண்ட வடிவத்தைக் கண்ணாலேயே மீண்டும் அடையாளம் கண்ட அவர்கள், தொட்டறிந்த வடிவத்தைக் கண்ணால் தேர்ந்தபோது ஏறக்குறைய ஊகித்தே சொன்னார்கள். மறுசோதனைக்கு வந்தவர்களிடமோ சில நாள்களிலேயே தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. எனக்கு இந்த விரைவுதான் பெரும் வியப்பு: பழக்கம் என்றால் ஆண்டுக்கணக்கில் ஊறவேண்டும் என்று எண்ணியிருந்தேன்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அவ்வளவு விரைவில் இணைப்பு உண்டாகிறதென்றால், இணைக்கும் ஆற்றலாவது முன்பே மனத்தில் இருந்திருக்க வேண்டும் அல்லவா?

மறுமொழி 1:
ஆம், அதை ஹியூமும் மறுக்கவில்லை. பழகும் இயல்பை மனித இயற்கையின் அடிப்படை விதியாகவே அவர் கொள்கிறார். எதை எதனோடு இணைப்பது என்பதை மட்டும் அனுபவத்துக்கு விட்டுவிடுகிறார்.