கட்டளை வரியில் படம் திருத்தப் போய் மனதில் நின்றுவிட்ட சம்பவம்: உங்களுடையதையும் எழுதுங்கள்

செந்தூல்வாசி

நாலு மாதம் ஆகிவிட்டது, இன்னும் தூக்கத்தில் வருகிறது. அதனால் நானே தொடங்குகிறேன்.

அப்பாவின் அறுபதாம் கல்யாணம், ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது. என் கேமராவில் 212 படம். போன வருடம் அப்பா தவறிவிட்டார். "எல்லாருக்கும் வாட்சப்பில் அனுப்பணும், கொஞ்சம் சின்னதாக்கிக் குடுய்யா" என்று அம்மா கேட்டார். உபுண்டு கணினி, கட்டளை தட்டிப் படம் திருத்தும் இமேஜ்மேஜிக், அதில் படங்களை மொத்தமாக மாற்றும் மொக்ரிஃபை கட்டளை. இங்கே இருப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. பெரிய படத்தை மட்டும் சுருக்கு, சின்னதைத் தொடாதே என்பதற்கு அளவுக்குப் பின்னால் > போட வேண்டும் என்று படித்திருந்தேன். ஒவ்வொரு படத்துக்கும் கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டும் ஃபார் லூப்புக்குள் 1600×1600> என்று போட்டேன். மேற்கோள் குறிக்குள் போடவில்லை.

எண்டர் தட்டிவிட்டு அம்மா பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் முடிந்திருந்தது. என் பழைய மடிக்கணினிக்கு அத்தனை படத்தையும் சுருக்கச் சில நிமிடமாவது ஆக வேண்டும். "பார்த்தியாம்மா, அதுக்குள்ள ஆயிருச்சு" என்று சொன்னேன். அந்த வார்த்தைதான் உறுத்துகிறது. கோப்புகளை அளவோடு பட்டியலிட எல்எஸ் போட்டேன். கோப்பின் அளவு வருகிற பத்தியில் மேலிருந்து கீழ் வரை 0. உருட்டிக்கொண்டே போகிறேன், 0, 0, 0.

நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டும் ஷெல்லுக்கு > என்றால் "இந்தக் கோப்புக்குள் எழுது". நிரல் ஓடுவதற்கு முன்பே அது கோப்பைத் திறந்து காலி செய்துவிடும். மொக்ரிஃபை கையில் என் படம் ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. மெமரி கார்டை அதற்குப் பிறகு இரண்டு விசேஷத்துக்குப் பயன்படுத்தியிருந்தேன். வேறு பிரதி இல்லை.

தண்ணீர்மலை அடிவாரம்

படிக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது தம்பி. என்னுடையது அவ்வளவு பெரிய இழப்பில்லை, ஆனால் மறக்க முடியவில்லை.

பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளி, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருக்கிறேன். பரிசளிப்பு விழாவுக்கு 180 சான்றிதழ். பெயர்ப்பட்டியலைக் கோப்பில் வைத்து, காலிச் சான்றிதழின் மேல் அனோடேட் கட்டளையால் பெயர்களை அச்சடித்துவிடலாம் என்று நானே முன்வந்தேன். இரவு பதினொன்றுக்கு ஓடி முடிந்தது. முதல் மூன்றைத் திறந்து பார்த்தேன், கவின், மதன் என்பது போலக் கொம்பே இல்லாத பெயர்கள். சரியாக இருந்தன. மிச்சத்தைப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

விழா மேடையில் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளை. அவள் பெயர் 'தே'யில் தொடங்கும். அந்த வருடம்தான் பெயரை எழுதக் கற்றிருக்கிறாள். சான்றிதழை வாங்கி, எழுத்தின்மேல் விரல் வைத்துப் படித்தாள். த முன்னால் நிற்க, இரட்டைக்கொம்பு அதற்குப் பின்னால் போய் அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. "டீச்சர், இது என் பேர் இல்ல" என்றாள். மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. டீச்சர் என்னைப் பார்த்தார்.

எழுத்துகளை முறைப்படி அடுக்கும் ராக்கிம் என்ற நிரல் நூலகம் இமேஜ்மேஜிக்கில் சேர்க்கப்படாவிட்டால் எழுத்துகளைக் கோப்பில் இருக்கும் வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக வைத்துவிடும். யுனிகோடில் த முதலில், கொம்பு பிறகு. அதை இடம் மாற்றி வைக்க ஆளில்லை. பதிப்பைக் கேட்கும் கட்டளையைக் கொடுத்தால் டெலிகேட்ஸ் என்ற வரி வரும். அதில் ராக்கிம், அதே போன்ற வேலையைச் செய்யும் பாங்கோகெய்ரோ இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பாங்கோ இருந்தால் அனோடேட்டை விட்டுவிட்டு பாங்கோ வழியாக எழுதச் சொல்லுங்கள், கொம்பு ஒழுங்காக உட்காரும். 180-ஐயும் மறுபடி அடித்தேன். அந்தப் பிள்ளையுடையதை நானே வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

லோயாட் மாடிப்படி

செந்தூல் அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். கட்டளை வரியே எதற்கு? 212 படத்தைச் சுருக்க ஜன்னலும் பொத்தானும் உள்ள மென்பொருள் ஆயிரம் இருக்கிறது. அதில் தப்பான எழுத்து ஒன்று விழுந்து எல்லாம் காலியாகாது.

என் கதை: புக்கிட் பிந்தாங்கில் புது லேப்டாப் வாங்கி, அன்றைக்கே விண்டோஸில் இமேஜ்மேஜிக் போட்டேன். படத்தை மாற்றும் அதன் கட்டளையான கன்வர்ட்டை அடித்து இரண்டு கோப்புப் பெயரைக் கொடுத்தேன். 'இன்வாலிட் பாராமீட்டர்' என்று திட்டியது. இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றி அடித்தேன். அப்புறம்தான் உதவிப் பக்கத்தைத் திறந்தேன். வட்டில் கோப்புகளை அடுக்கும் முறையை ஃபேட்டிலிருந்து என்டிஎஃப்எஸ் ஆக மாற்றும் நிரல் என்று இருந்தது. விண்டோஸில் அதே பெயரில் ஒரு கன்வர்ட் காலங்காலமாக இருக்கிறது, நான் அடித்ததெல்லாம் அதற்குத்தான் போயிருக்கிறது. வட்டு எழுத்தைக் கொடுத்திருந்தால்? கை நடுங்கி மூடியை மூடிவிட்டேன். பதிப்பு 7 முதல் மேஜிக் என்றே அடிக்கலாம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஆனாலும் அந்தப் பக்கம் போக மனசு வரவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் மூலைக்கடை

எனக்கும் ஒருமுறை 40 படம் போனது, மொக்ரிஃபைதான். அது மூலக் கோப்பின் மேலேயே எழுதும் என்று தெரியாமல் அடித்தேன். அவ்வளவுதான் என் கதை.

தம்பிமார்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். முதலாவது, மூலப் படம் உள்ள போல்டரில் நின்றுகொண்டு எந்தக் கட்டளையும் அடிக்காதீர்கள். நகல் எடுத்து வேறு போல்டரில் வையுங்கள். மொக்ரிஃபைக்கு பாத் என்ற தேர்வு உண்டு, முடிவை வேறு இடத்தில் போடச் சொல்லும். அந்த போல்டரை நீங்கள் முன்கூட்டியே உருவாக்கி வைத்திருக்க வேண்டும், அதுவாக உருவாக்காது. அடுத்து, லூப் ஓட்டுவதற்கு முன் கட்டளைக்கு முன்னால் எக்கோ போட்டு ஒருமுறை ஓட்டுங்கள், என்ன நடக்கப் போகிறது என்று திரையில் காட்டும், ஒன்றும் கெடாது. ஒரே ஒரு படத்தில் சோதித்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்து மிச்சத்தைச் செய்யுங்கள், அவசரம்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. வெளியே அனுப்புகிற படமென்றால், உள்ளே ஒளிந்திருக்கும் தகவலை நீக்கும் ஸ்ட்ரிப் தேர்வைப் போட்டுவிடுங்கள். கைப்பேசிப் படத்துக்குள் வீடு இருக்கும் இடம்வரை பதிந்திருக்கலாம், பெண் பிள்ளைகள் உள்ள குடும்பம் கவனமாக இருக்க வேண்டும். லோயாட் தம்பி சொல்வதும் சரியில்லை. ஒரு கல்யாணத்துக்கு இரண்டாயிரம் படம் எடுப்பவன் பொத்தானை அழுத்திக்கொண்டு உட்கார முடியாது. கடையில் 15 வருடமாகக் கட்டளை வரியில்தான் ஓட்டுகிறேன். ஒரு பழக்கம் வந்துவிட்டால் பயமே இல்லை.

பத்துமலைப் படி

அண்ணே, இரண்டு இடத்தில் மறுக்க வேண்டியிருக்கிறது.

எக்கோ ஆபத்தில்லை என்றீர்கள். செந்தூல்காரர் செய்த தப்புக்கு அது உதவாது. எக்கோ முன்னால் இருந்தாலும் > அதே வேலையைத்தான் செய்யும், படக் கோப்பைக் காலி செய்து அதற்குள் அந்தக் கட்டளையையே எழுதி வைக்கும். பாஷ் ஷெல்லில் நோகிளாபர் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டுவைத்தால் இருக்கிற கோப்பின் மேல் > எழுத முடியாது. நான் ஷெல் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பிலேயே அதைப் போட்டிருக்கிறேன்.

ஸ்ட்ரிப் பற்றி. இதுதான் என் காயம். பத்துமலையில் ஒரு குழந்தைக்கு முடியிறக்கினார்கள், படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். 2018-இல் அந்த 272 படிக்கும் வண்ணம் பூசினார்கள் அல்லவா, அது பின்னால் தெரிய வேண்டும் என்று பாட்டி ஆசைப்பட்டு எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்தார். என் கேமரா அடோபி ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் இருந்தது. ஸ்ட்ரிப் போட்டு, சுருக்கி, அனுப்பினேன். பாட்டி கைப்பேசியைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்பா, இது பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி எடுத்ததா?"

ஸ்ட்ரிப் இருப்பிடத்தோடு நிறப் புரொஃபைலையும் எடுத்துவிடுகிறது. அது போனால் பார்க்கிற கருவி வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிற அமைப்பு என்று நினைத்துக் காட்டும், சிவப்பும் பச்சையும் வெளிறிவிடும். முதலில் புரொஃபைல் தேர்வைக் கொண்டு எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு ஸ்ட்ரிப். படத்தை நிமிர்த்தி வைக்கும் ஆட்டோ-ஓரியண்டையும் அதற்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நெட்டுவாக்குப் படம் படுத்துவிடும்.

பிரிக்பீல்ட்ஸ் மூலைக்கடை

எக்கோ விஷயம் சரிதான், நான் யோசிக்கவில்லை. இப்போதே கடைக் கணினியில் சோதித்துப் பார்த்தேன். படத்தைத் திறந்தால் உள்ளே ஒரு வரி எழுத்து. நன்றி தம்பி.

பட்டர்வொர்த் படகுத்துறை

நான் கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளின் ஆள். தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னால் நடந்தது.

தண்ணீர்ப் பந்தல் பதாகைகள் அடிக்கிற கடையில் இரவு வேலை. 12 அடி அகலம், அங்குலத்துக்கு 150 புள்ளி என்றால் 21,600 பிக்சல். கடை உபுண்டுவில் இமேஜ்மேஜிக் அவ்வளவு பெரிய படத்தை ஏற்க மறுத்தது, அதன் பாலிசி கோப்பில் அகலம் 16,000 என்று வரம்பு போட்டிருந்தது. சரி என்று கிம்ப்பை ஜன்னல் இல்லாமல் ஓட்டினேன்: நோ-இன்டர்ஃபேஸ், பேட்ச், கிம்ப்பின் நிரல்மொழியான ஸ்கிரிப்ட்-ஃபூவில் நாலு வரி. கால் மணிக்கு ஒருமுறை போல்டரைப் பார்த்து, புதுசாக வந்ததை எடுத்துச் செய் என்று, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானில் போட்டுவிட்டு ஒன்பது மணிக்கு வீட்டுக்குக் கிளம்பினேன்.

காலையில் கடையைத் திறந்தால் வட்டு 'கரகர'வென்று ஒரே சத்தம். திரை உறைந்து கிடக்கிறது, சுட்டி நகரவில்லை. மூன்று பந்தல்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். தவுக்கே (கடை முதலாளி) ஒன்றுமே சொல்லாமல் கடிகாரத்தைப் பார்த்தார். வலுக்கட்டாயமாக அணைத்துத் திறந்து பதிவைப் பார்த்தேன். ஒவ்வொரு கால் மணிக்கும் ஒரு கிம்ப் எழுந்திருக்கிறது, வேலையை முடித்திருக்கிறது, போகவில்லை. கடைசியில் கிம்ப்-குவிட் எழுத மறந்திருந்தேன். ஜன்னல் இல்லாததால் கண்ணுக்கும் தெரியவில்லை. கிம்ப்பின் அமைப்புக் கோப்பான கிம்ப்ஆர்சியில், நினைவக வரம்பான டைல்-கேச்-சைஸை 4 ஜிபி என்று நானே ஏற்றி வைத்திருந்தேன், கணினிக்கு மொத்தம் 8. அந்த வரம்பு ஒவ்வொரு கிம்ப்புக்கும் தனித்தனி. எல்லாம் சேர்ந்து நினைவகத்தை நிரப்பி, மிச்சம் வட்டுக்கு வழிந்திருக்கிறது.

ஒரு பந்தலுக்கு அன்றைக்கு வெள்ளைத் துணியில் கையால் எழுதிக் கட்டினார்கள். ரதம் போகிற வழியில் அதைப் பார்த்தேன். எழுத்து அழகாகத்தான் இருந்தது. நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

இப்போது குவிட்டை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்ற வரிகளை எழுதுகிறேன். கல்யாண அட்டையும் அடிக்கிற கடை என்பதால் எழுத்துருவும் மூட்டை மூட்டையாக இருந்தது, கிம்ப் ஒவ்வொரு முறையும் அத்தனையையும் ஏற்றும். படத்தில் எழுத்து வேலை இல்லையென்றால் நோ-ஃபான்ட்ஸ் போடுங்கள், சீக்கிரம் எழும்.

சைபர்ஜெயா பேருந்து

படகுத்துறை அண்ணே, அந்த நாலு வரி இன்னும் ஓடுகிறதா? 2025 மார்ச்சில் கிம்ப் 3.0 வந்தபின் என்னுடையது எல்லாம் நின்றுவிட்டது. இப்போது வேலை நடக்கும் அடுக்கை, அதாவது ஆக்டிவ்-டிராயபிளை, கேட்கும் கட்டளையைத் தெரியாது என்கிறது. இப்போது தேர்ந்தெடுத்த அடுக்குகளைப் பட்டியலாகத்தான் கேட்க வேண்டும். கோப்பைத் திறக்கும் கட்டளையில் பெயரை இரண்டு முறை கொடுப்போமே, அதுவும் ஒன்றாகிவிட்டது. ஆறு வருடமாகத் தொடாத ஸ்கிரிப்ட். அதை எழுதிக் கொடுத்த நண்பன் இப்போது எங்கே இருக்கிறான் என்றுகூடத் தெரியாது. வரிக்கு வரி அவன் போட்ட குறிப்புகளைப் படித்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

பட்டர்வொர்த் படகுத்துறை

இன்னும் பழைய கிம்ப் 2.10-தான். தைப்பூசம் முடியட்டும்.

ஆயர் ஈத்தாம் மேடு

எல்லாரும் உங்கள் கதையைச் சொல்கிறீர்கள், செந்தூல்காரருக்கு யாரும் ஒரு வழி சொல்லவில்லையே.

கார்டில், அழிந்த படங்களை மீட்கும் போட்டோரெக் நிரலை ஓட்டிப் பார்த்தீர்களா? மேலே எழுதாத பகுதி இருந்தால் கிடைக்கும். கார்டிலேயே சேமிக்காதீர்கள், மீட்பதை வேறு வட்டில் போடுங்கள். இன்னொன்று: உபுண்டுவில் அந்தப் போல்டரைக் கோப்பு மேலாளரில் எப்போதாவது திறந்து பார்த்திருந்தால், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சின்ன உருவை எடுத்து வைத்திருக்கும். உங்கள் வீட்டு அடைவுக்குள் புள்ளியில் தொடங்கும் கேச் என்ற மறைந்த போல்டர், அதற்குள் தம்ப்னெய்ல்ஸ். பெயர்களெல்லாம் புரியாத எழுத்தும் எண்ணுமாக இருக்கும், பயப்படாதீர்கள், திறந்து பாருங்கள். லார்ஜ் (பெரியது) என்ற உள் போல்டரில் 256 பிக்சல் இருக்கும். பழைய போல்டரை மறுபடி திறக்காதீர்கள், அதற்கு முன்னால் இதை நகல் எடுங்கள்.

செந்தூல்வாசி

ஆயர் ஈத்தாம் அக்காவா அண்ணனா தெரியவில்லை. எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கணும்.

போட்டோரெக் இரண்டு நாள் ஓட்டினேன். 61 படம் வந்தது. பெரும்பாலும் சாப்பாட்டுப் பந்தி, வாசல் கோலம், மண்டபத்துக்கு வெளியே நிறுத்தின கார்கள். தாலி கட்டுகிற நேரத்துப் படம் ஒன்றுகூட இல்லை.

நேற்று ராத்திரி தம்ப்னெய்ல்ஸில் தேடினேன். ஆயிரக்கணக்கில் இருந்தது, ஒவ்வொன்றாகத் திறந்தேன். நூற்றி எழுபதுக்கு மேல் அந்தக் கல்யாணத்துடையது. அப்பா தாலியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிற படம் இருந்தது. நீளம் 256, உயரம் 171. அம்மாவை எழுப்பிக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். "பெருசாக்கட்டுமா" என்று கேட்டேன், வேண்டாம் என்றார். கைப்பேசிக்கு அனுப்பிவிட்டேன், காலையில் பார்த்தால் அதைத்தான் திரையில் வைத்திருந்தார்.