பச்சைத்தேயிலை விலையும் உலகமயமாக்கலும்: சிறு விவசாயி இனி எதற்குத் தயாராக வேண்டும்?

கேள்வி (கோத்தகிரி)
எங்களுக்குச் சிறிய தேயிலைத் தோட்டம் ஒன்று உண்டு. விலை சரியும்போதெல்லாம் உலகமயமாக்கலே காரணம் என்கிறார் அப்பா. உலகச் சந்தை இல்லாவிட்டால் இந்த மலைக்குத் தேயிலையே வந்திருக்காது என்கிறாள் கல்லூரியில் படிக்கும் தங்கை. இவற்றில் எதை ஏற்பது? இனி எந்தச் சிக்கலுக்கு நாங்கள் தயாராக வேண்டும்?

பதில் 1 (குன்னூர்)
இருவர் கூற்றும் உண்மையே: உலகச் சந்தை ஒரு பயிரைக் கொண்டும் வரும், வீழ்த்தவும் செய்யும். மலேரியா மருந்தான கொய்னாவைத் தன் பட்டையில் தரும் சின்கோனா மரம், தென்னமெரிக்காவிலிருந்து 1860களில் கொண்டுவரப்பட்டு, தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிரானது. ஜாவாவில் டச்சுக்காரர்கள் கொய்னா மிகுந்த இரகத்தைப் பெருக்கியதும் நம் பட்டை போட்டியில் பின்தங்கியது. தேயிலைக்கும் அதுபோன்ற ஒரு காலம் வந்தது. நம் தேயிலையைப் பெருமளவில் வாங்கிவந்த சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தது. பத்தாண்டு கழித்து, 2001 ஏப்ரலில், இந்தியாவில் எஞ்சியிருந்த இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளும் நீக்கப்பட்டன. குன்னூர் தேயிலை ஏலத்தின் சராசரி விலையை ஒட்டியே பச்சைத்தேயிலையின் மாத விலை கணக்கிடப்படுவதால், எங்கோ ஒரு நாடு வாங்குவதைக் குறைத்தாலும் அந்த இழப்பு உங்கள் இலையின் எடைச்சீட்டு வரை வந்துவிடுகிறது.

பதில் 2 (கொடைக்கானல்)
விலையை மட்டும் பேசுவது போதாது, ஐயா. அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இயங்கிய வெப்பமானி ஆலை 1980களில் எங்கள் ஊருக்கு இடம்பெயர்ந்தது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது, வெப்பமானிகளும் வெளிநாட்டுக்கே சென்றன. 2001இல் ஆலை மூடப்பட்டபோது கழிவு மட்டும் பாம்பார் சோலையின் ஓரத்தில் தங்கியது. வேலை வருகிறது என்றதும் மகிழ்கிற நாம், எது இங்கேயே தங்கிவிடும் என்று முதலிலேயே கேட்க வேண்டும்.

பதில் 3 (குந்தா)
வரலாறு இருக்கட்டும், கேட்டவர் இனி வரப்போவதைக் கேட்டிருக்கிறார். என் கணிப்பில், வரியைவிடத் தர விதிகளே பெரிய தடையாகும். தனி வரம்பு குறிக்கப்படாத பூச்சிமருந்துகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் எச்சம் என்ற பொது வரம்பை வைத்துள்ளது. பெரிய எஸ்டேட் தன் இலையைத் தானே கண்காணித்துக்கொள்ளும். நம் இலையோ தொழிற்சாலையில் பலருடைய இலையோடு கலக்கிறது, ஒருவர் தவறான மருந்தைத் தெளித்தால் அந்தத் தொகுதி முழுவதும் விலை இழக்கும். ஆகவே இதைத் தனியாளாகச் சமாளிக்க முடியாது. கென்யாவில் சிறு விவசாயிகளே தொழிற்சாலைகளின் பங்குதாரர்களாக இருக்கிறார்கள். நம்மிடமும் இன்கோசர்வ் என்ற கூட்டுறவு இணையத்தின் தேயிலை ஆலைகள் இருக்கின்றன, ஆனால் உறுப்பினர் கூட்டத்தில் விலையைத் தவிர வேறெதையும் நாம் பேசுவதில்லை. எந்த மருந்தை எந்தத் தேதியில் தெளித்தோம், எத்தனை நாள் கழித்து இலை பறித்தோம் என்ற பதிவேட்டை ஊர்வாரியாக வைக்கும்படி அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்.