ஆல்ஃபா-1 ரத்தப் பரிசோதனை வேலூர் பக்கம் எங்கே?

வணக்கம், நாங்கள் குடியாத்தம். மாமாவுக்கு 46 வயது. பீடி, சிகரெட் தொட்டதே இல்லை. ஆனாலும் சிடி ஸ்கேனில் எம்ஃபிசீமா (நுரையீரலின் காற்றுப்பைகள் சிதையும் நோய்) என்று வந்திருக்கிறது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் கிருமியை அழிக்க எலாஸ்டேஸ் நொதியை வெளிவிடும். அது மிஞ்சிப்போனால் நுரையீரல் விரிந்து சுருங்க உதவும் எலாஸ்டின் இழைகளையே அரித்துவிடும். அதை அடக்கி வைப்பது கல்லீரல் சுரக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின். சிலருக்கு அது பிறவியிலேயே குறைவு. 1963லேயே ஸ்வீடனில் கண்டுபிடித்த விஷயம். இங்கே லேபில் கேட்டால் இன்னும் முழிக்கிறார்கள்!

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டையில் எங்கே எடுக்கிறார்கள்? செலவு எவ்வளவு? அளவு குறைவாக வந்தால் மரபணுப் பரிசோதனையும் அங்கேயே உண்டா? அப்புறம், காய்ச்சல் நேரத்தில் இந்த அளவு ஏறிக் காட்டும். நீங்கள் எத்தனை நாள் விட்டு எடுத்தீர்கள்? இன்ஹேலர் ஆலோசனை வேண்டாம், அது டாக்டர் சொன்னபடி போகிறது.