புதுப்பிப்பு: ஏர் பிஸ்டல் குண்டுகளைத் தராசில் போட்டுப் பார்த்தேன்

போன மாதம் கேட்டிருந்தேன்: பத்து மீட்டரில் என் ஏர் பிஸ்டல் குண்டுகள் ஏன் சிதறுகின்றன, 5.5 மிமீ விட்டக் குழல் மாற்றினால் சரியாகுமா என்று. எடை பார்த்துப் பிரிக்கச் சொன்னீர்கள்.

பார்த்தாயிற்று. மதுரை தெற்காவணி மூல வீதியில் நகைப் பட்டறை வைத்திருக்கும் மாமாவின் மில்லிகிராம் தராசுதான். "தங்கம் நிறுத்த தராசுல ஈயமா மாப்ள?" என்று சிரித்துவிட்டு அவரே நூறு குண்டை எண்ணிப் போட்டார். டப்பாவில் 0.53 கிராம் என்றிருந்தது. மலிவு டப்பாவில் 0.50 முதல் 0.56 வரை ஓடியது! சிலவற்றின் பாவாடை (குண்டின் விரிந்த பின்பகுதி) விளிம்பே நசுங்கியிருந்தது. போட்டிக் குண்டில் வித்தியாசம் ஐந்தாறு மில்லிகிராம்தான்.

அப்புறம் சோழவந்தான் தோப்பில், மண்மூட்டைத் தடுப்பு வைத்துச் சுட்டேன். பிரித்த குண்டுகள் ஓரளவு கூடி விழுந்தன. ஆனால் பாதித் தப்பு என் விரலில், விசையைப் பிடுங்குகிறேன். இலக்கு அட்டையில் பத்துப் புள்ளி வட்டமே 11.5 மிமீதானே.

குழல் மாற்றும் யோசனையை விட்டுவிட்டேன். பத்து மீட்டர் போட்டிக்கு 4.5 மிமீ மட்டும்தான்.

பெரியப்பாவின் லைசென்ஸ் உள்ள .32 அங்குலக் குழல் பிஸ்டலை 9 மிமீ குழலாக்கி, தோட்டாவும் வீட்டிலேயே நிரப்பலாமா என்று கேட்ட தம்பிக்கு: வேண்டாம்ப்பா. அமெரிக்காவில் வீட்டில் தோட்டா நிரப்புவது பொழுதுபோக்கு. இங்கே 1959 ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவில், உரிமமின்றித் துப்பாக்கியை மாற்றுவதும் தோட்டா செய்வதும் குற்றம்.