மறுமொழி: அகமொழியா, உட்பேச்சா?

> மனதுக்குள் நமக்கு நாமே பேசிக்கொள்வதை (inner speech) அகமொழி என்றே வைத்துக்கொள்வோமே. சுருக்கமாக, அழகாக இருக்கிறது.

வணக்கம் நண்பரே. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அகமொழி என்றதும் மனதுக்குள் தனியாக ஒரு மொழி பிறந்து வளர்வதுபோலப் படுகிறது. விஷயம் நேர்மாறானது. முதலில் பிறரோடு பேசுகிறோம், அந்தப் பேச்சுதான் பிறகு உள்ளே போகிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1934-இல் எழுதினார். நடுவில் ஒரு கட்டம் உண்டு: குழந்தை தனக்குத்தானே வாய்விட்டுப் பேசுவது. வளர வளர அது மறைந்துவிடும் என்பது சுவிஸ் உளவியலாளர் பியாஜேயின் கருத்து. மறையவில்லை, உள்ளே இறங்கிவிட்டது என்றார் வைகாட்ஸ்கி. குழந்தையை வேற்றுமொழிப் பிள்ளைகள் நடுவே விட்டுப் பார்த்தபோது அந்த முணுமுணுப்பு வெகுவாகக் குறைந்ததாம். கேட்டுப் புரிந்துகொள்ள ஆளில்லை என்றால் தன்னோடு பேசுவதும் அடங்கிவிடுகிறது!

எங்கள் வீட்டிலேயே பார்க்கிறேன். நாலு வயதுப் பேத்தி டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது, "மெதுவா, மெதுவா, சிந்திடுவ பாரு" என்கிறாள். அந்த இழுவை அப்படியே அவள் அம்மாவுடையது. தன்னையே 'நீ' என்கிறாள். (சாவியைத் தொலைத்துவிட்டு நான் என்னையே 'டேய்' என்று திட்டிக்கொள்வதும் இதே கதைதான்.)

அதனால் 'பேச்சு' என்பதை விட்டுவிடக் கூடாது. வாய்விட்டுப் பேசுவது தற்பேச்சு, வாய்க்குள் அடங்கியது உட்பேச்சு. உட்பேச்சில் எழுவாய் உதிர்ந்து பயனிலை மட்டும் நிற்கும் என்றும் வைகாட்ஸ்கி சொல்கிறார். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். தோன்றா எழுவாய் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான்.

---

ஐயா, உட்பேச்சு சரி. தற்பேச்சுதான் உறுத்துகிறது, காதில் தற்பெருமைபோல விழுகிறது. தனிமொழி என்று சொல்லலாமென்றால் அதை நாடகக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். குறளில் 'நெஞ்சொடு கிளத்தல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறதே, 125-ஆவது. "நினைத்தொன்று சொல்லாயோ நெஞ்சே" என்று தலைவி தன் நெஞ்சிடமே மருந்து கேட்கிறாள். நெஞ்சு அங்கே எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆள். 'தன்னொடு பேச்சு' என்று வைத்தால் என்ன? கொஞ்சம் நீளம்தான், ஆனால் அந்த 'ஒடு' இருந்தால் இரண்டு பேர் இருப்பது தெரியும்.

---

'ஒடு' பிடித்திருக்கிறது. ஆனால் "தன்னொடு பேச்சுக் கட்டம்", "தன்னொடு பேச்சு ஆய்வு" என்றெல்லாம் எழுதிப் பாருங்கள், வாக்கியம் இடறுகிறது. இப்போதைக்குக் கலைச்சொல் பட்டியலில் உட்பேச்சை உறுதிசெய்துவிட்டு, தற்பேச்சு, தன்னொடு பேச்சு இரண்டுக்கும் கேள்விக்குறி போட்டு வைக்கிறேன்.